சுற்றுநிருபம் இலக்கம் பதினான்கு

"பாயக் கவனமாப் பாருங்க மருமகன். அதுக்குள்ள சாமான் கிடக்கு."

மாமனார் கந்தப்போடி போனில் இப்படிச் சொன்ன நேரம், சுதாகரன் தொழிற்சாலையின் அறிவித்தல் பலகையில் ஒரு சுற்றுநிருபத்தை ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு கையில் போன், மறு கையில் பசைப் போத்தல்.

"என்ன சாமான் மாமா?"

"வேறென்ன? நம்மட சாமான்தான். துவக்கு."

பசைப் போத்தல் கீழே விழுந்து உருண்டது. சுற்றுநிருபம் ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. சுதாகரனே தட்டச்சடித்து, சுதாகரனே கையெழுத்திட்ட வாசகம் அது: 'தொழிற்சாலைத் தரிப்பிடத்தில் நிறுத்தப்படும் எந்த வாகனத்துக்குள்ளும் துவக்கு முதலிய ஆயுதங்கள் வைத்திருத்தல் ஆகாது. மீறுவோர் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவர். இங்ஙனம், நிருவாக உத்தியோகத்தர்.'

"மாமா, துவக்க எதுக்கு என்ட காருக்குள்ள வெச்சீங்க?"

"பின்ன? செத்தவீட்டுக்குத் துவக்கோட போக ஏலுமா? நான்தான் சுட்டுப்போட்டு வந்திருக்கன் எண்டு சனம் நினைக்காதா?"

"வயல் வாடியிலேயே வெச்சிட்டு வந்திருக்கலாமே!"

"ஆளில்லாத வாடிக்குள்ள துவக்க விட்டா லைசன வெட்டிப்போடுவாங்க. சட்டம் தெரியாமக் கதைக்கப்படா மருமகன்."

"கார்ல ஏறக்குள்ள ஒரு சொல் சொல்லியிருக்கலாமே மாமா!"

"சொன்னா நீங்க ஏத்தமாட்டீங்களே" என்றார் கந்தப்போடி, மிகவும் நியாயமாக.

அன்று காலை நடந்தது இவ்வளவுதான். வவுணதீவுப் பக்கத்து வயல் வட்டையில் கந்தப்போடிக்குப் பத்து ஏக்கர் வேளாண்மை. தை பிறந்து கதிர் முற்றுகிற காலம் என்பதால் யானைக்கும் பன்றிக்கும் காவலாக ராத்திரி வயற்குடிசையான வாடியில் படுத்தவர், விடிந்ததும் மருமகனின் காரை மறித்து ஏறினார். கக்கத்தில் சுருட்டிய பன்பாய். அதைப் பின் சீட்டில் குறுக்கே கிடத்தினார். செங்கலடிச் சந்தியில் இறங்கி, கிரானில் ஒரு செத்தவீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார். பாய் காரிலேயே கிடந்தது. மறந்துவிட்டார் என்றுதான் சுதாகரன் நினைத்தான்.

"தோட்டா எங்க மாமா?" சுதாகரன் போனுக்குள் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அது என்ட மடிக்குள்ள பத்திரமாக் கிடக்கு. லைசன் சேட்டுப் பொக்கட்டுக்குள்ள. நீங்க ஒண்டுக்கும் பயப்படாதீங்க. நாலு மணிக்குத்தான் பிரேதம் எடுக்கிறாங்க. எடுத்த கையோட வாறன்."

போன் வைக்கப்பட்டது. துவக்கு செங்கலடித் தொழிற்சாலையில், தோட்டாவும் லைசனும் கிரானில். மூன்றையும் ஓரிடத்தில் வைக்கச் சொல்கிற சட்டம் எது, தனித்தனியே வைக்கச் சொல்கிற சட்டம் எது என்று சுதாகரனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்த ஒரே சட்டம் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

வேறு ஒரு நாளென்றால் இவ்வளவு வியர்த்திருக்காது. அந்தத் தையல் தொழிற்சாலையில் சுதாகரன் சேர்ந்து இன்றோடு ஆறு மாதம். தற்காலிக வேலை நிரந்தரமாகும் கடிதம் மெனேஜர் முத்தலிப்பின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இன்றைக்கே வெளிநாட்டுக் கொள்வனவாளர்களின் சார்பில் கொழும்பிலிருந்து இருவர் சோதனைக்கு வருகிறார்கள். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். அதில் நாற்பத்தோராவது: தரிப்பிடத்து வாகனங்களுக்குள் ஆயுதம் வைப்பதைத் தடுக்க விதி உண்டா, அது நடைமுறையில் உண்டா? மூன்று மணிக்கு, அந்த இருவர் பார்த்து நிற்க, ஒவ்வொரு வாகனமாகத் திறந்து காட்ட வேண்டியவன் சுதாகரன்.

போன கிழமை இந்தக் கேள்வியை வாசித்துவிட்டு அவன் சிரித்திருந்தான். "நம்மட ஊர்ல காருக்குள்ள துவக்கு வெச்சிட்டு வேலைக்கு வாற விசரன் யாரு சேர்?" என்று மெனேஜரிடமே கேட்டான். அவன் முதலில் எழுதியது 'தொழிற்சாலை எல்லைக்குள் ஆயுதம் ஆகாது' என்று. முத்தலிப் சிவப்புப் பேனையால் அதை வெட்டி 'வாகனத்துக்குள்' என்று மாற்றினார். "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி செல்லுவம் தம்பி. அவனுகள் கேட்டது வாகனம். நாம ஏன் கூடப் போய் வாயக் குடுக்கணும்?" மெனேஜருக்கு இந்த விஷயத்தில் அக்கறை போதாது என்று சுதாகரன் அன்று மனதுக்குள் புள்ளி குறைத்தான்.

நேரே தரிப்பிடத்துக்கு ஓடினான். பாய் கண்ணாடிக்கு உள்ளே சாதுவாகக் கிடந்தது. கதவைத் திறந்து பாயின் ஒரு வாயை விரலால் விலக்கினான். இரட்டைக் குழல் அவனைப் பார்த்தது. கதவைச் சாத்திவிட்டு மனைவிக்குப் போன் எடுத்தான்.

"வதனி, உங்கட அப்பாட துவக்கு என்ட காருக்குள்ள."

"ஐயோ! நீங்க அதத் தொட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"தொடாதீங்க. லைசன் அப்பாட பேர்ல. வேற ஆள்ர கையில கண்டா லைசன் போயிடும். லைசன் போனா இந்தமுறை வேளாண்மை முழுக்க யானைக்கும் பண்டிக்கும்தான். அத விட்டுட்டு எங்கயும் போகவும் கூடாது."

"தொடவும் கூடாது, விடவும் கூடாது எண்டா என்னதான் செய்யிற?"

"அது நீங்கதான் யோசிக்கணும். நீங்கதானே நிருவாக உத்தியோகத்தர்?" என்றாள் வதனி.

யோசித்தான். காரோடு வெளியே போய்விடுவதுதான் ஒரே வழி. வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பத்து மணிக்குள் திரும்பலாம். காரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

வாசலில் காவலாளி அஸ்கர் தடியைக் குறுக்கே போட்டார். ஐம்பது வயது மனிதர். வாசலறையிலுள்ள பெரிய இரும்பு அலமாரிக்கும் அவர்தான் பொறுப்பு. ராத்திரி வயற்காவல் இருந்துவிட்டு நேரே வேலைக்கு வருகிறவர்கள், சேறுபட்ட வட்டைச் சாமான்களை அதில் கொடுத்துவிட்டுப் பித்தளை டோக்கன் ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே போவது அங்கே வழக்கம். வெள்ளைத் துணி தைக்கிற இடத்தில் சேறு ஆகாது. தை மாதத்தில் தொழிற்சாலை உத்தியோகத்தர் பாதிப்பேர் அரைத் தூக்கத்தில் நடமாடுவார்கள். மெனேஜர் முத்தலிப்பின் திறப்புச் சாவிக் கோர்வையில்கூட ஒரு பித்தளை டோக்கன் ஆடும். மட்டக்களப்பு டவுனில் பிறந்து வளர்ந்து, கலியாணத்தால் வவுணதீவுக்கு வந்த சுதாகரனுக்கு மட்டும் அந்த அலமாரியோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. காலையில் அவன் உள்ளே வரும்போதுகூட அஸ்கர் கேட்டிருந்தார், "சேர், பின்னுக்குப் பாய் ஒண்டு தெரியிது. வட்டைச் சாமான் ஏதும் இரிந்தா தந்திட்டுப் போங்களன்." சுதாகரன் கையை அசைத்து, "அது மாமாட பாய், கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

"கேட் பாஸ் சேர்?" என்றார் அஸ்கர் இப்போது.

"அஸ்கர், நான்தான் போறன்."

"தெரியிது சேர். ஆனா வேலை நேரத்தில வெளிய போற வாகனத்தில கிடக்கிற எல்லாச் சாமானும் கேட் பாஸில இரிக்கணும், ஸ்டோர் சேர்ட கையெழுத்தும் இரிக்கணும் எண்டு நோட்டீஸ்."

"எந்த நோட்டீஸ்?"

"இலக்கம் பதினொண்டு. நீங்க போட்டதுதான்."

சுதாகரனுக்கு நினைவு வந்தது. துணித் திருட்டைத் தடுக்க அவன் கண்டுபிடித்த விதி. மெனேஜர் முதுகில் தட்டிப் பாராட்டியதும் நினைவு வந்தது. காரைத் திருப்பிக்கொண்டு போய் நிறுத்தினான்.

கேட் பாஸ் புத்தகத்தில் 'பொருளின் விபரம்' என்ற இடத்தில் 'பன்பாய் – 1' என்று எழுதினான். பொய் இல்லை. உள்ளதில் பாதி. ஸ்டோர் பொறுப்பாளர் றிஸ்வியிடம் நீட்டினான். ஏறாவூர்க்காரரான றிஸ்விக்குக் கண்களில் தூக்கம் கட்டியிருந்தது. பாய் என்ற சொல்லைக் கண்டதும் தூக்கம் கலைந்துவிட்டது.

"பாயா? அல்லாஹ்வாகக் கொண்டு வந்து தந்த பாய் சேர் இது! கேள்வி அறுபத்தி மூணு பார்த்தீங்களா? பெண்கள் ஓய்வறையில படுக்க வசதி இரிக்கா எண்டு கேக்கிறான். இருந்த பாயக் கறையான் திண்டிட்டு. இத ஒரு நாளைக்குத் தாங்க."

"றிஸ்வி, இது பழைய பாய்..."

"பழசுதான் நல்லம். பாவிச்சிரிக்கி எண்டு நம்புவானுகள். இந்தக் கேட் பாஸில நான் ஒப்பம் வைக்கமாட்டன். நீங்க போங்க, பத்து நிமிசத்தில நானே வந்து எடுக்கிறன்."

பத்து நிமிடம். பாய் போனால் துவக்கு அம்மணமாகக் கிடக்கும். சுதாகரன் வெட்டும் பகுதிக்கு ஓடினான். அங்கே மேற்பார்வையாளர் ஹப்ஸா.

"ஹப்ஸா, கழிவுத் துணி கொஞ்சம் வேணும். கார் சீட்டுக்குப் போட."

"என்ன நிறத்தில சேர்?"

"என்ன நிறமெண்டாலும் பரவாயில்ல, நீளமா வேணும்."

ஹப்ஸா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். கடுநீலத்தில் ஏழு யார் நீளத் துணியை மடிப்பில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். சுதாகரன் காருக்குள் குந்தியிருந்து, மனைவி சொன்ன சொல்லைத் தட்டாமல் கையில் லேஞ்சிக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, துவக்கைப் பாயிலிருந்து பிரித்துத் துணியில் வைத்து உருட்டினான். பயத்தில் செய்கிற வேலை சில நேரம் மிக நேர்த்தியாக அமைந்துவிடும். உருட்டி முடித்துப் பார்த்தபோது, ஸ்டோரில் அடுக்கியிருக்கும் நீலத் துணி ரோல்களுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. பாயை எடுக்க வந்த றிஸ்வி பாயைப் பார்க்கவில்லை. ரோலைப் பார்த்தார், பிறகு சுதாகரனைப் பார்த்தார். அவர் கண்ணில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"சேர்... நீங்களுமா?"

"றிஸ்வி, நீங்க நினைக்கிற மாதிரி இது துணி இல்ல."

"பிடிபட்ட எல்லாரும் முதல்ல செல்ற கதை அதுதான் சேர்."

சுதாகரன் வாயைத் திறந்தான். துணி இல்லை என்றால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். கள்வன் என்ற பேரா, காருக்குள் துவக்கு வைத்தவன் என்ற பேரா? இரண்டுக்கும் வேலை போகும். இரண்டாவதுக்கு மாமனாரின் லைசனும் சேர்ந்து போகும். கள்வனாகவே நின்றுவிட்டான்.

றிஸ்வி நல்ல மனிதர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குப் புள்ள குட்டி இரிக்கி. நான் ஒண்டும் காணல்ல. இத நானே கொண்டுபோய் ஸ்டோர் ராக்கையில வெச்சிடுறன்." ரோலைத் தோளில் தூக்கினார். தூக்கியவர் நின்று திரும்பிப் பார்த்தார். "பாரமே இல்லியே! பாதிய வெட்டி வித்துட்டீங்களா சேர்?"

"றிஸ்வி, அத மட்டும் கொண்டு போகாதீங்க. கெஞ்சிக் கேக்கிறன்."

"ஆசை விடாது, தெரியும். மறந்திடுங்க." பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துவக்கைத் தோளில் சாத்திக்கொண்டு, ஒரு மனிதனைத் திருத்திய திருப்தியோடு றிஸ்வி நடந்தார்.

அதற்குப் பிறகு சுதாகரன் நாலு முறை ஸ்டோருக்குப் போனான். முதல் முறை றிஸ்வி, "சேர், ஆசைய அடக்கிக்கொண்டு இரிங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை கதவைச் சாத்தினார். மூன்றாம் முறை ஸ்டோர் பூட்டியிருந்தது, அவர் தொழுகைக்குப் போயிருந்தார். நாலாம் முறை கம்பி வலைக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தான். ராக்கையில் அறுபது நீல ரோல்கள். எது மாமாவுடையது என்று அவனுக்கே தெரியவில்லை. மதியச் சோற்றுப் பொதியைப் பிரிக்கவே இல்லை. தன் நிரந்தரக் கடிதத்தை மெனேஜர் வேறு யாருக்கோ கொடுப்பதாக ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது.

இரண்டு மணிக்குச் சோதனைக்காரர்கள் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மணியும், அவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு இளைஞரும். மெனேஜர் முத்தலிப் முன்னே நடந்தார். கை திறப்புக் கோர்வையை உருட்டியபடி இருந்தது. பெண்கள் ஓய்வறையில் கந்தப்போடியின் பாயைப் பார்த்து அம்மணி தலையாட்டினார். பிறகு துணி பார்க்கும் மேசைக்கு வந்தார்கள். கண்ணாடிப் பரப்பு, அடியில் வெளிச்சம். ரோலை ஒரு பக்கம் மாட்டினால் துணி விரிந்து கண்ணாடி மேல் ஓடும். ஓட்டை, கறை எல்லாம் தெரியும்.

"ஸ்டோரிலிருந்து ஏதாவது ஒரு ரோலைக் கொண்டு வாருங்கள். நீலம்" என்றார் அம்மணி.

அறுபதில் ஒன்று. சுதாகரன் பிறந்தது முதல் கும்பிட்ட எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டான். றிஸ்வி ரோலோடு வந்தார். ஒற்றைக் கையால், லேசாகத் தூக்கிக்கொண்டு வந்தார். சுதாகரனைக் கடக்கும்போது காதோரம் குனிந்தார்.

"உங்கட ரோலத்தான் எடுத்தன் சேர். இதுல ஓட்டி முடிச்சிட்டா நீளம் குறைஞ்சது ஒரு நாளும் பிடிபடாது. எப்படி யோசினை?"

சுதாகரனுக்கு அழுகை வந்தது. கோபப்படவும் முடியவில்லை. இந்த மனிதர் காலையிலிருந்து அவனைக் காப்பாற்றுவதையே வேலையாக வைத்திருக்கிறார்.

ஹப்ஸா ரோலை மாட்டினாள். சுவிச்சைப் போட்டாள். நீலத் துணி கண்ணாடி மேல் ஓடத் தொடங்கியது. ஒரு யார். சுத்தமான துணி. இரண்டு யார். அம்மணி முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். ஏழு யார் என்று சுதாகரனுக்கு மட்டும் தெரியும். மூன்று. ரோல் மெலிந்துகொண்டே வந்தது. நாலாவது யாரில் அது உருளுவதை விட்டுவிட்டுத் தட்டுத் தட்டென்று அடிக்க ஆரம்பித்தது. துவக்கின் பிடிப்பக்கம் தலையைக் காட்டத் துடித்தது.

"நிப்பாட்டுங்க! டேமேஜ்!" சுதாகரன் பாய்ந்து சுவிச்சை அணைத்தான்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"எங்கே? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்றார் அம்மணி.

"கண்ணுக்குத் தெரியாது மேடம். மணம். மணந்து பாருங்க."

அம்மணி குனிந்து மணந்தார். ஹப்ஸாவும் மணந்தாள். கந்தப்போடி துவக்குக்கு எண்ணெய் பூசுவதில் கஞ்சம் பிடிக்கிறவர் அல்லர்.

"ஓம் மேடம், எண்ணெய் மணக்குது. மெசின் எண்ணெய் போல" என்றாள் ஹப்ஸா. அவள் வாழ்க!

அம்மணி மகிழ்ந்துபோனார். "கண்ணால் அகப்படாத குறையை மூக்கால் பிடித்திருக்கிறீர்கள்! எழுதிக்கொள்ளுங்கள். இந்த ரோலை உடனே இங்கிருந்து அகற்றுங்கள். மற்றத் துணியில் படக்கூடாது."

இந்த உத்தரவை இரண்டாம் தரம் சொல்ல விடவில்லை சுதாகரன். விரிந்த துணியை வாரிச் சுற்றி, ரோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினான். முத்தலிப் புருவத்தை உயர்த்திப் பார்த்தது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

எங்கே வைப்பது? கார் ஆகாது, இன்னும் இருபது நிமிடத்தில் கார்களைத் திறக்க வேண்டும். ஸ்டோர் ஆகாது, அங்கே றிஸ்வி என்ற நல்ல மனிதர் இருக்கிறார். கால்கள் அவனைக் கேட்காமலே வாசலறைக்குக் கொண்டுபோயின.

"அஸ்கர்... இது டேமேஜ் ரோல்... ஒருத்தரும் தொடப்படா, விரிக்கப்படா, பார்க்கப்படா..." மூச்சு முட்டியது.

அஸ்கர் ரோலை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு தரம் எடை பார்த்தார். பிறகு ஏனோ அதன் ஒரு முனையை மட்டும் நிலத்தைப் பார்க்கச் சரித்துப் பிடித்துக்கொண்டு போய், இரும்பு அலமாரிக்குள் நிறுத்திப் பூட்டினார்.

"விளங்குது சேர். நீங்க போய் முகத்தக் கழுவுங்க."

மூன்று மணிக்குத் தரிப்பிடச் சோதனை. சுதாகரன் ஒவ்வொரு வாகனமாகத் திறந்து காட்டினான். பத்தொன்பது கார், வான். ஐம்பதுக்கு மேல் மோட்டார் சைக்கிள். மெனேஜரின் டபிள் கெப்பைத் திறந்தபோது உள்ளே ஒரு தூசு இல்லை. தன் காரைத் திறந்தான். பின் சீட்டில் பாயிலிருந்து உதிர்ந்த நாலு பன் துரும்பு மட்டும் கிடந்தது. எவர் வாகனத்திலும் ஒரு பேனாக்கத்திகூட இல்லை.

"இவ்வளவு ஒழுங்கான தரிப்பிடத்தை நான் எங்கேயும் கண்டதில்லை. விதி போடுகிறார்கள், ஒருவரும் மதிப்பதில்லை. இங்கே மதிக்கிறார்கள்" என்றார் அம்மணி. நாற்பத்தோராம் கேள்விக்கு முழுப் புள்ளி.

ஐந்து மணிக்கு அவர்கள் போனதும் முத்தலிப் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். சுதாகரன் அதை இரண்டு தரம் வாசித்தான். 'நிரந்தரமாக' என்ற சொல் இருந்தது. தன் பெயரும் பிழையில்லாமல் இருந்தது. இந்த மனிதரின் காலைத் தொட்டாலும் தகும் என்று தோன்றியது.

"மாமா சுகமா தம்பி? எங்கட காணிக்கு ரெண்டு வரம்பு தள்ளித்தான் அவர்ர வேளாண்மை. ராத்திரி யானை அந்தப் பக்கம் வந்ததாம் என்ன?" என்றார் முத்தலிப், டோக்கனை விரலில் சுழற்றியபடி.

"சுகம் சேர். அவர் இண்டைக்குச் செத்தவீட்டுக்குப் போயிட்டார் சேர்" என்று சொல்லிவிட்டு, வேறு கேள்வி வருமுன் வெளியே வந்தான்.

ஆனால் செத்தவீட்டுக்குப் போனவர் வாசலறையில் இருந்தார். கந்தப்போடி அஸ்கரின் கதிரையில் கால்மேல் கால் போட்டுப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கடுநீல ரோல், நன்றாகப் பிரிக்கப்பட்டு, ஏழு யாரும் சீராக மடித்து வைக்கப்பட்டிருந்தது. துவக்கு மாமாவின் மடியில். லைசன் அஸ்கரின் கையில். அவர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார்.

சுதாகரன் சட்டைப் பையிலிருந்த கடிதத்தைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அஸ்கர்... நான் சொல்லுறதக் கேளுங்க. இத நான் வேணுமெண்டு கொண்டு வரல்ல. மெனேஜருக்கு மட்டும் சொல்லிடாதீங்க. இண்டைக்குத்தான் கடிதம் கிடைச்சது."

"என்னத்தச் செல்ற சேர்?" அஸ்கர் லைசனை மடித்துக் கந்தப்போடியிடம் மரியாதையாகக் கொடுத்தார். "பேரும் இலக்கமும் சரி போடியார். கொண்டு போகலாம்." பிறகு சுதாகரனைப் பார்த்தார். "காலையிலயே கேட்டன்தானே, வட்டைச் சாமான் இரிந்தா தாங்க எண்டு?"

"வட்டைச் சாமான் எண்டா பாய், ரோச் லைட் எண்டு நினைச்சன் அஸ்கர்!"

"டவுன்காரன்" என்றார் கந்தப்போடி, பிளேன்டீயை ஊதிக்கொண்டு. மருமகனை மன்னிக்கிற குரல்.

அஸ்கர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பித்தளை டோக்கனை எடுத்துச் சட்டையில் துடைத்துச் சுதாகரனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிப் போடியார்ட சாமான் வந்தா லைசனோட அவரையும் இஞ்சயே இறக்கிட்டுப் போங்க, உங்களுக்கு இலக்கம் ஏழு, ஒண்டாம் இலக்கம் மெனேஜர் சேர்ட துவக்கு, ரெண்டாம் இலக்கம் றிஸ்வி சேர்ட, மத்த நாலும் மேல்மாடி சேர்மார்ட, வாகனத்துக்குள்ள வைக்கப்படா எண்டு நீங்கதானே நோட்டீஸ் போட்டிரிக்கீங்க!"